பணியாளரும் கணினிக் கல்வியும்: இந்தியத் தொலைநிலைக் கல்வி வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் இறுதி இருபது ஆண்டுகளில் இந்திய அலுவலகங்களின் இயல்பை முற்றிலும் மாற்றிய கருவி கணினியாகும். பேரேடும் தட்டச்சுப் பொறியும் நிலைத்திருந்த இடத்தில் கணினி வந்தமர்ந்தபோது, ஏற்கெனவே பணியில் இருந்தோர் புதிய திறனொன்றைக் கற்றே ஆகவேண்டிய நிலை உருவானது. கல்லூரியில் பயிலும் இளைஞர்க்குக் கணினி ஒரு பாடம். பணியாளர்க்கோ அது பிழைப்போடு தொடர்புடைய தேவை. பணியைத் துறந்து கல்லூரிக்குச் செல்ல இயலாத அவர்களுக்குத் தொலைநிலைக் கல்வியே பெரும்பாலும் திறந்திருந்த வழியாக அமைந்தது.

தொலைநிலைக் கல்வி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் நிறுவனங்களின் வளர்ச்சியையும் மாணவர் எண்ணிக்கையையும் மையமாகக் கொண்டு அமைகின்றன. முழுநேரப் பணியில் இருந்தவாறு கணினி கற்க முனைந்தவரின் நிலையிலிருந்து இவ்வரலாற்றை நோக்கினால் வேறொரு வடிவம் புலப்படும். காலம், கருவி, ஏற்பு, மொழி என்னும் நான்கு தேவைகளை அவர் எதிர்கொண்டார். இந்நான்கனுள் எவை எப்போது, யாரால் நிறைவு செய்யப்பட்டன என்பதனை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்வழி அறியும் வரலாறு

ஒரு துறையின் வரலாறு அத்துறைக்கு வழங்கும் பெயர்களிலேயே பதிந்து கிடப்பதுண்டு. தமிழில் இக்கல்விமுறை முதலில் அஞ்சல்வழிக் கல்வி எனப்பட்டது. பின்னர்த் தொலைநிலைக் கல்வி, திறந்தநிலைக் கல்வி, இணையவழிக் கல்வி என்னும் பெயர்கள் வழக்கிற்கு வந்தன. இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. அஞ்சல்வழி என்பது பாடம் வந்துசேரும் ஊர்தியைச் சுட்டுகிறது. தொலைநிலை என்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடைப்பட்ட தொலைவைச் சுட்டுகிறது. திறந்தநிலை என்பது நுழைவுத் தகுதியின் தளர்வைச் சுட்டுகிறது. இணையவழி என்பதோ மீண்டும் ஊர்தியின் பெயருக்கே திரும்புகிறது. இப்பெயர்களுள் எதுவும் கற்பவர் ஒரு பணியாளர் என்பதைச் சுட்டவில்லை என்பது நோக்கத்தக்கது.

ஆனால் இம்முறை தோன்றிய காலந்தொட்டே அலுவலகத் திறனோடு தொடர்புடையதாகவே இருந்துள்ளது. 1840இல் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் தம் சுருக்கெழுத்து முறையை அஞ்சல் அட்டைகள் வாயிலாகக் கற்பித்தார். அதே ஆண்டில் அங்கு நடைமுறைக்கு வந்த குறைந்த கட்டண அஞ்சல் அதற்குத் துணைநின்றது. புதிய அலுவலகத் திறன், மலிவான செய்தித் தொடர்பு, ஓய்வு நேரத்தில் தானே பயிலும் மாணவர் ஆகிய மூன்றும் அன்றே ஒருங்கிணைந்தன. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் இந்தியாவில் கணினியை முன்னிட்டு நிகழ்ந்ததும் இதன் விரிவே எனலாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சுருக்கெழுத்துக்குத் தாளும் எழுதுகோலும் போதும். கணினிக்குக் கணினி வேண்டும்.

இந்தியாவில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கப்பட்டது. கலைப் பாடங்களே முதலில் இடம்பெற்றன. ஆய்வகம் தேவைப்படும் பாடங்களை அஞ்சல்வழி கற்பித்தல் அரிது என்னும் கருத்து நிலவியது. நூல்வழி அறிவை அஞ்சலில் அனுப்பலாம். கைவழித் திறனை அனுப்ப இயலுமா என்னும் இவ்வினாவே பின்னாளில் கணினிக் கல்வியிலும் எழுந்தது.

அலுவலகத்தில் கணினியின் வருகை

கணினியை இந்தியப் பணியாளர் உவகையுடன் வரவேற்கவில்லை. 1960களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் கணினி நிறுவப்படுவதை எதிர்த்துப் போராடினர். வேலையிழப்பு குறித்த அச்சமே அதற்குக் காரணம். வங்கித் துறையில் 1983இல் நிருவாகத்தினருக்கும் ஊழியர் சங்கத்தினருக்கும் இடையே இயந்திரமயமாக்கம் குறித்த உடன்பாடு ஏற்பட்டது. தொடர்ந்து சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த குழு 1984இல் வங்கி இயந்திரமயமாக்கம் பற்றிய அறிக்கையை அளித்தது. 1984 நவம்பரில் நடுவண் அரசு வெளியிட்ட புதிய கணினிக் கொள்கை இறக்குமதி நெறிகளைத் தளர்த்தியது. இவற்றின் பயனாக வங்கி, காப்பீடு, தொடர்வண்டி, அரசு அலுவலகம் ஆகியவற்றில் கணினி படிப்படியாக நுழைந்தது.

1990களில் இவ்வேகம் மிகுந்தது. பொதுத்துறை வங்கிகள் தம் வணிகத்தில் 70 விழுக்காட்டை 2001 தொடக்கத்திற்குள் கணினிமயமாக்க வேண்டும் என 1998இல் மத்திய கண்காணிப்பு ஆணையராக இருந்த ந. விட்டல் பணித்தார். ஒருகாலத்தில் ஊழியர்கள் தடுக்க முயன்ற கருவி இப்போது அவர்கள் தவிர்க்க இயலாத கருவியாயிற்று. அச்சத்தின் இயல்பும் மாறியது. கணினி வந்தால் வேலை போகும் என்பது முந்தைய அச்சம். கணினி தெரியாவிட்டால் வேலையில் உயர்வு இல்லை என்பது பிந்தைய அச்சம். இம்மாற்றமே பணியாளரைக் கணினிக் கல்வியை நோக்கி உந்தியது.

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் பங்கு

1982இல் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டது. பின்னர் அது அம்பேத்கர் பெயரைப் பெற்றது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இவ்விரண்டிற்கும் முதல் துணைவேந்தராக இருந்தவர் ஜி. ராம் ரெட்டி. தேசியப் பல்கலைக்கழகம் 1987இல் மேலாண்மை, தொலைநிலைக் கல்வி ஆகிய இரண்டு பட்டயப் படிப்புகளுடன் தன் கற்பித்தலைத் தொடங்கியது. மேலாண்மைப் பட்டயம் முதலிலேயே இடம்பெற்றமை, பணியில் இருப்போரை இந்நிறுவனம் தன் மாணவராகக் கருதியதைக் காட்டுகிறது. அடுத்த பதின்மத்தில் கணினிச் சான்றிதழ்ப் படிப்பு, கணினிப் பயன்பாட்டியல் இளநிலை, முதுநிலைப் படிப்புகள் ஆகியன அதன் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன.

இப்படிப்புகளின் அமைப்பு அஞ்சல்வழிக் கல்வியினின்றும் வேறுபட்டது. அச்சிட்ட பாடநூல், மாணவர் எழுதி அளிக்கும் ஒப்படைப்பு, கல்வி மையத்தில் நடைபெறும் ஆலோசனை வகுப்பு, ஜூன், டிசம்பர் மாதங்களில் நடைபெறும் பருவ இறுதித் தேர்வு ஆகியன இதன் உறுப்புகள். பிற பாடங்களில் ஆலோசனை வகுப்புக்குச் செல்வது மாணவர் விருப்பம். கணினிப் படிப்புகளிலோ செய்முறை வகுப்புக்கு வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. தொலைநிலை என்னும் பெயர்க்கு முரணாக மாணவர் ஓரிடத்திற்கு நேரில் வந்தாக வேண்டும் என்னும் இந்நெறி, கைவழித் திறனைத் தொலைவிலிருந்து வழங்க இயலாது என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம்.

காலக் கணக்கு

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பணியாளர்க்குக் காலத்தை மிச்சப்படுத்தியது என்பது பொதுவான கருத்து. இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு மதிப்பலகினை 30 மணி நேர உழைப்பாக வரையறுத்துள்ளது. மூன்றாண்டு இளநிலைப் பட்டத்திற்கு அது முன்பு வகுத்திருந்த பொது அளவு 96 மதிப்பலகு. எனவே ஓராண்டிற்கு 32 மதிப்பலகு, அதாவது 960 மணி நேரம். வாரத்திற்கு இது ஏறத்தாழ 18 மணி நேரமாகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் வீதம் வாரத்தில் 6 நாள் பணிபுரிபவர் 48 மணி நேரத்தோடு இதனையும் சேர்த்து 66 மணி நேரம் உழைக்க வேண்டும். போக்குவரத்து நேரமும் இல்லப் பணிகளும் இக்கணக்கில் இடம்பெறவில்லை. அலுவலகப் பணியோடு இல்லத்தின் பணிச்சுமையையும் தாங்கும் பெண் பணியாளர்க்கு இது மேலும் கடினம்.

இவ்விடத்தில் திறந்தநிலைக் கல்வியின் உண்மையான கொடை எது என்பது புலனாகிறது. அது உழைப்பு நேரத்தைக் குறைக்கவில்லை. அந்நேரத்தைப் பரப்பிக்கொள்ளும் உரிமையையே வழங்கியது. மூன்றாண்டுப் படிப்பை ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்கலாம் என்னும் விதி அதற்குச் சான்று. ஆறு ஆண்டுகளுக்குப் பரப்பினால் வாரத்திற்கு 9 மணி நேரம் போதும். மழைக்காலத்திலும் ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்திலும் படிப்பைத் தள்ளிவைத்து, பின்னர்த் தொடரலாம். ஆனால் கணினித் துறையில் இந்நெகிழ்ச்சிக்கும் ஒரு விலை உண்டு. ஆறு ஆண்டுகளில் மொழிகளும் இயக்க முறைமைகளும் மாறிவிடும். படிப்பைத் தொடங்கியபோது புதியதாக இருந்த பாடம் முடிக்கும்போது பழையதாகிவிடக்கூடும். வரலாறு பயில்வோர்க்கு இல்லாத இவ்விடர் கணினி பயில்வோர்க்கு உண்டு.

கருவியின் தேவை

1980களின் பிற்பகுதியிலும் 1990களின் முற்பகுதியிலும் தனியாள் கணினி நடுத்தர வருவாயினர்க்கு எட்டாத விலையில் இருந்தது. நிரலைத் தாளில் எழுதிப் பயின்று, வார இறுதியில் கல்வி மையக் கணினியில் அதனை இயக்கிப் பார்த்தல் என்பதே அக்கால மாணவர்க்கு இயன்ற முறை. நிரலெழுதும் கலையோ பிழை கண்டு திருத்துவதன் வாயிலாகவே கைவருவது. ஒரு சிறு பிழையின் காரணத்தை அறிய அடுத்த வாரம் வரை காத்திருத்தல் கற்றலின் ஓட்டத்தையே தடுத்தது. அலுவலகக் கணினியைப் பணிநேரம் முடிந்தபின் பயன்படுத்தும் வாய்ப்பு மேலதிகாரியின் மனப்பாங்கைப் பொறுத்தது.

இந்நிலையை மாற்றியவற்றுள் கல்விக் கொள்கையைவிட வணிகக் கொள்கையின் பங்கு மிகுதி என்பது குறிக்கத்தக்கது. 1997இல் இந்தியா உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி கணினி உள்ளிட்ட பொருள்களின் சுங்கவரி 2005க்குள் நீக்கப்பட்டது. 1995 ஆகஸ்டு 15இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இணையச் சேவை 1998க்குப் பின்னர்த் தனியார் நிறுவனங்களாலும் வழங்கப்பட்டது. தெருமுனை இணைய மையங்கள் பெருகின. கணினி இல்லாத பணியாளர் மணிக் கணக்கில் கட்டணம் செலுத்திப் பயிற்சி பெறும் இடமாகவும் அவை விளங்கின.

அரசு தன் பங்காக ஒளிபரப்பையும் செயற்கைக்கோளையும் பயன்படுத்தியது. ஞான் தர்ஷன் தொலைக்காட்சி 2000 சனவரியிலும் ஞான்வாணி வானொலி 2001இலும் தொடங்கின. 2004 செப்டம்பர் 20இல் கல்விக்கென எடுசாட் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. இவை விரிவுரையைத் தொலைவுக்குக் கொண்டுசென்றன. ஆயினும் விசைப்பலகையைக் கற்பவர் கைக்குக் கொண்டுவரவில்லை. கணினிக் கல்வியைப் பொறுத்தவரை பணியாளர்க்கு வேண்டியதோ பின்னதே.

பணி வழங்குவோர் பொறுப்பேற்ற நிகழ்வு

காலம், கருவி ஆகிய இரண்டையும் பணி வழங்கும் நிறுவனமே ஏற்ற எடுத்துக்காட்டும் இவ்வரலாற்றில் உண்டு. பிலானியில் உள்ள பிர்லா தொழில்நுட்ப, அறிவியல் கழகம் 1979 முதல் பணியில் இருப்போர்க்கான புறவளாகப் படிப்புகளை நடத்தி வருகிறது. 1995இல் விப்ரோ நிறுவனம் இக்கழகத்துடன் இணைந்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அறிவியல் பட்டதாரிகளைப் பணியில் சேர்த்துக்கொண்டு, பணிபுரிந்தவாறே மென்பொருள் துறையில் முதுநிலைப் பட்டம் பெறச் செய்தல் அதன் நோக்கம். இங்கு மாணவர் அமரும் பணிமேசையே ஆய்வகம். கற்ற பாடம் மறுநாளே பணியில் பயன்படும்.

இதனைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தனித்துப் பயின்ற எழுத்தரின் நிலையோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். இருவரும் பணியில் இருந்துகொண்டே பயின்றவர்களே. முன்னவர்க்குக் கல்வி பணியின் ஒரு பகுதி. பின்னவர்க்குக் கல்வி பணிக்குப் புறம்பான சுமை. எனவே இவ்வேறுபாட்டிற்குக் கற்பித்தல் முறையை மட்டும் காரணமாகக் கொள்ளுதல் பொருந்தாது. கற்பதன் செலவை யார் ஏற்கின்றனர் என்பதே அடிப்படை வேறுபாடு.

ஏற்பு என்னும் சிக்கல்

காலமும் கருவியும் கிட்டிய பின்னரும் பெற்ற தகுதி ஏற்கப்பட வேண்டும். பல்கலைக்கழகத்திற்கு வெளியே இதற்கு விடைகாணும் முயற்சியாக 1990இல் டோயக் எனச் சுருக்கமாக வழங்கும் திட்டம் உருவானது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமும் நடுவண் அரசின் மின்னணுவியல் துறையும் இணைந்து இதனை வகுத்தன. ஓ, ஏ, பி, சி என நான்கு நிலைகளில் தேர்வுகள் அமைந்தன. எங்கு பயின்றார் என்பதைவிட என்ன அறிந்தார் என்பதையே தேர்வு அளந்தது. ஏற்பிசைவு பெற்ற நிறுவனங்களில் பயின்றோர் மட்டுமன்றி, உரிய பணி அனுபவம் உடையோர் நேரடியாகவும் தேர்வெழுத இடமிருந்தது. இத்திட்டத்தை நடத்திய அமைப்பு 2011இல் தேசிய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப நிறுவனம் எனப் பெயர் மாறியது.

பல்கலைக்கழகப் பட்டங்களைப் பொறுத்தவரை 1995 மார்ச் 1ஆம் நாளிட்ட நடுவண் அரசு அறிவிக்கை முதன்மையானது. தொலைநிலைக் கல்விக் குழுமத்தின் ஏற்பும், தேவைப்படுமிடத்து அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் ஏற்பும் பெற்ற படிப்புகள் நடுவண் அரசுப் பணிக்குத் தகுதியுடையவை என்பது அதன் சாரம். ‘தேவைப்படுமிடத்து’ என்னும் ஒரு தொடரின் பொருளை முடிவு செய்வதில் பலரது எதிர்காலம் அடங்கியிருந்தது. இரு குழுமங்களுள் எதன் சொல் இறுதியானது என்பது நெடுங்காலம் தெளிவுபெறவில்லை.

ஒடிசாவில் அரசு நிறுவனம் ஒன்றில் பதவி உயர்வு தொடர்பாக எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2017 நவம்பர் 3இல் தீர்ப்பு வழங்கப்பட்டது. உரிய ஒப்புதலின்றி நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் பற்றியது அத்தீர்ப்பு. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவர்கள் தனித்தேர்வெழுதித் தகுதியை மெய்ப்பிக்க வாய்ப்பளிக்கப்பட்டது. அதன்பின் சேர்ந்தோரின் பட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. தேர்வெழுத விழைவோர் முடிவு வரும்வரை பட்டத்தையும் அதன் பயனையும் தக்கவைத்துக்கொள்ளலாம் என 2018 சனவரியில் நீதிமன்றம் ஒரு தளர்வையும் அளித்தது. ஒப்புதல் வழங்கியதில் அதிகாரிகளின் பங்கை விசாரிக்கவும் அது ஆணையிட்டிருந்தது.

செய்முறைப் பயிற்சியே தொழில்நுட்பக் கல்வியின் உயிர் என்னும் நிலைப்பாடு நியாயமானதே. எனினும் இவ்வழக்கால் பாதிக்கப்பட்டோருள் பணியில் இருந்துகொண்டே பயின்றோர் பலர். அமைப்புகளுக்கிடையே நிலவிய தெளிவின்மையின் சுமை, பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், இரவும் விடுமுறையும் பாராது பயின்ற தனிமனிதர்மேல் விழுந்தது. தொலைநிலைக் கல்விக் குழுமம் 2013இல் கலைக்கப்பட்டு, அதன் பொறுப்பு பல்கலைக்கழக மானியக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. 2020இல் வெளிவந்த புதிய நெறிமுறைகளும், அவற்றை மேற்கோளிட்டு 2022 செப்டம்பரில் வந்த அறிவிப்பும், ஏற்புப் பெற்ற நிறுவனங்களின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் மரபுவழிப் பட்டங்களுக்கு இணையானவை எனத் தெளிவுபடுத்தின.

மொழியின் இடம்

நான்காம் தேவையாகிய மொழி பெரிதும் பேசப்படாதது. கணினிப் பட்டப்படிப்புகளின் பாடநூல்கள் முதன்மையாக ஆங்கிலத்திலேயே அமைந்தன. வகுப்பறையில் ஆசிரியர் தாய்மொழியில் விளக்கி இக்குறையை ஈடுசெய்ய முடியும். தொலைநிலை மாணவர்க்கோ பாடநூலே ஆசிரியர். அந்நூலின் மொழி அயலாக இருப்பின் அவர் இருமடங்கு தொலைவில் நிற்கிறார். தாய்மொழிவழிப் பயின்று பணியில் சேர்ந்த எழுத்தர்க்கு நிரலின் தருக்கத்தைவிட அதனை விளக்கும் உரைநடையே கடினமாக இருந்திருக்கும் என எண்ண இடமுண்டு.

தமிழைப் பொறுத்தவரை 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டை அடுத்துத் தமிழ் விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பின்னர் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றது. உலகெங்கும் வாழ்வோர்க்குத் தமிழைக் கணினிவழிக் கற்பித்தல் அதன் முதன்மை நோக்கம். கணினியைத் தமிழ்வழிக் கற்பித்தல் என்னும் மறுதலைப் பணி அதே அளவில் வளரவில்லை. கணினித்தமிழ் ஆய்வில் ஈடுபடும் தமிழ்த்துறைகள் கலைச்சொல் ஆக்கத்தோடு நின்றுவிடாமல், தனித்துப் பயில்வோர்க்கு ஏற்ற விளக்க உரைநடையை உருவாக்கவும் முன்வர வேண்டும் என்பதை இந்நிலை உணர்த்துகிறது.

இணையவழிக் காலம்

2003இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து தொடங்கிய தேசியத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் கற்றல் திட்டம் விரிவுரைகளைக் கட்டணமின்றிப் பொதுவாக்கியது. 2017 சூலையில் ஸ்வயம் தளம் தொடங்கப்பட்டது. 2020இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நிரலாக்கம், தரவு அறிவியல் ஆகியவற்றில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. வழக்கமான நுழைவுத்தேர்வுக்கு மாற்றாக, சில வாரப் பாடங்களைப் பயின்று தகுதித்தேர்வு எழுதிச் சேரும் முறை அதில் உண்டு. தேர்வுகள் நேரில் நடத்தப்படுகின்றன. திறந்த நுழைவும் கண்டிப்பான மதிப்பீடும் ஒருசேர அமையக்கூடும் என்பதற்கு இது சான்றாகிறது. கணினிவழியே கணினி கற்கும் இந்நிலையில், கற்கும் பொருளும் கற்பிக்கும் ஊர்தியும் ஒன்றாகிவிட்டன. 1962இல் தடையாக இருந்த ஆய்வகச் சிக்கல் கணினித் துறையில் பெரிதும் நீங்கிவிட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பணியாளரின் நான்கு தேவைகளுள் கருவி என்னும் தேவை பெரும்பாலும் விலைவீழ்ச்சியாலும் இணையப் பரவலாலும் நிறைவெய்தியது. ஏற்பு என்னும் தேவை நெடிய குழப்பத்திற்கும் தனிமனித இழப்பிற்கும் பின்னர் ஓரளவு தெளிவு பெற்றுள்ளது. மொழி என்னும் தேவை இன்னும் நிறைவெய்தவில்லை. காலம் என்னும் தேவையோ தொடக்கத்தில் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அஞ்சலட்டையாயினும் செயற்கைக்கோளாயினும் இணையமாயினும், பயில்வதற்குரிய அந்த 18 மணி நேரத்தைப் பணியாளரே தம் உறக்கத்திலிருந்தும் குடும்பத்திலிருந்தும் எடுத்து வந்துள்ளார்.

பணியாளர் கணினி கற்றதனால் பயன்பெற்றவர் அவர் மட்டுமல்லர். அவர் பணிபுரிந்த அலுவலகமும் அரசும் பயன்பெற்றன. பயன் பொதுவாக இருக்க, கற்றலுக்குரிய காலம் மட்டும் தனியொருவர் பொறுப்பாக விடப்பட்டமை இவ்வரலாற்றின் தீராத குறையாகும். பயிலும் பணியாளர்க்குப் பணிநேரத்திற்குள்ளேயே ஒரு பகுதியை ஒதுக்கித் தரும் நெறி பொதுவழக்காகும்போதே திறந்தநிலை என்னும் சொல் தன் முழுப்பொருளை எய்தும்.